எட்டுக் கை உப்பு

பங்கஜவல்லி வாயைத் திறக்கவில்லை.

ஸாவித்ரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரமாக அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். சாதம் ஆறிவிட்டது. ஐந்து வாய் போயிருந்தது. ஐந்தாவது வாய் இன்னும் இடது கன்னத்தில் இருந்தது.

"முழுங்குடி கண்ணே."

தலை ஆடியது. தொண்டை அசையவில்லை.

"வாசல்ல கிளி வந்திருக்கு. முழுங்கினா காட்டறேன்."

"பொய்" என்றது கன்னத்துக்குள்ளிருந்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதியில் இருந்த அந்த வீட்டில் ஒன்றரை வருடமாக இதுதான் நடந்தது. பங்கஜவல்லி, ஸாவித்ரியின் தங்கை கோதைநாயகியின் பெண். கோதைநாயகி மஞ்சள்காமாலையில் போனபோது பெண்ணுக்கு மூன்றரை வயது. பையன் உப்பிலிக்கு ஆறு. அவர்களுடைய அப்பா சம்பத்குமார் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ராத்திரி ஷிப்டில் குழந்தைகளை யார் பார்ப்பது? பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் ஸாவித்ரி இருவரையும் அழைத்து வந்துவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை.

உப்பிலி போட்டதைச் சாப்பிட்டான். பங்கஜவல்லி சாப்பிடவில்லை. கல்யாணம், சீமந்தம், காதுகுத்து என்று எங்கே போனாலும் ஸாவித்ரி அவளை மடியில் வைத்துக்கொண்டு பந்தியில் கடைசி ஆளாக எழுந்தாள். "பாவம், தாயில்லாக் குழந்தை" என்று ஒருத்தி சொல்வாள். "உடம்புல ஒண்ணுமே இல்லையே" என்று இன்னொருத்தி சொல்வாள். ஸாவித்ரி அடுத்த வாயை உருட்டுவாள்.

இத்தனைக்கும் அவள் சமையலுக்குப் பேர் இருந்தது. பெருமாளுக்குப் படைப்பதற்கு முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வீடுகளில் வழக்கம். ருசி பார்க்காமலே சமைக்க வேண்டும். ஸாவித்ரி கொதிக்கிற பாத்திரத்தின் மேல் முகத்தைக் காட்டி, ஆவியை ஒரு தடவை இழுத்து, உப்புப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். இருபது வருடத்தில் தப்பியதில்லை. அவள் சமைக்கும்போது குழந்தைகள் உள்ளே வரக் கூடாது. உப்பு ஜாடி மேல் அலமாரியில் இருந்தது.

மாசி மாதத்திலிருந்து சம்பத்குமார் சனிக்கிழமைகளில் வந்து குழந்தைகளை ராஜபாளையத்துக்கு அழைத்துப் போக ஆரம்பித்தான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விட்டான்.

முதல் ஞாயிறு பங்கஜவல்லியின் கவுனில் பெருங்காய வாசனை வந்தது.

"என்னடா சாப்பிட்டேள்?" என்று ஸாவித்ரி உப்பிலியைக் கேட்டாள்.

"நாங்களே பண்ணினோம் பெரியம்மா. அரிசி நான் களைஞ்சேன். புளி நான் கரைச்சேன். உப்பு பங்கஜம் போட்டா."

"நீ ஏன் போடலை?"

"உப்பிலின்னு பேரை வச்சுண்டு உப்புல கை வைக்கப்படாதாம். அப்பா சொன்னார்."

"இவ சாப்பிட்டாளா?"

"ரெண்டு தடவை போட்டுண்டா."

"யாரு ஊட்டினா?"

"யாரும் ஊட்டலை. அவளேதான்."

ஸாவித்ரி நம்பவில்லை. அன்று ராத்திரி பங்கஜவல்லி மூன்று வாயோடு கன்னத்தை அடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிறு குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டதாம்.

"அப்பறம்?"

"பருப்பு ஜலம் விட்டோம். சரியாயிடுத்து."

மூன்றாவது ஞாயிறு சாதம் குழைந்துவிட்டதாம். மோர் விட்டுக் கரைத்துக் குடித்தார்களாம். சொல்லும்போது அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஸாவித்ரியின் வீட்டில் சாதம் குழைந்ததே இல்லை.

சித்திரை பிறந்ததும் சம்பத்குமார் பகலில் வந்தான். முன் அறையில் உட்கார்ந்தான். ஸாவித்ரியின் கணவர் யதிராஜன் கோர்ட்டில் குமாஸ்தா. அன்று லீவு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஜெனரல் ஷிப்ட் குடுத்துட்டா அக்கா. காலம்பற எட்டு மணிக்குப் போனா அஞ்சுக்கு வந்துடுவேன். ஸ்கூல் விட்டு வந்ததும் எதிர்வீட்டு மாமி பார்த்துக்கறேன்னுட்டா. ஜூன்ல ரெண்டு பேரையும் அங்கேயே சேர்த்துடறேன்."

"இங்கே பங்கஜத்துக்கு ஸ்கூல்ல சொல்லி வச்சாச்சு மாப்பிள்ளை."

"தெரியும்."

"சாப்பாடு?"

"நாங்க பண்ணிக்கறோம்."

"நாங்கன்னா யாரு?"

"நாங்க மூணு பேர்."

யதிராஜன் பேப்பரைத் தாழ்த்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"வைகாசியில பங்குவோட நட்சத்திரம் வரது. அஞ்சு முடியறது" என்றான் சம்பத்குமார். "அதை இந்த வருஷம் ராஜபாளையத்துல வச்சுக்கறேன். தளிகையும் நாங்களே பண்ணிக்கறோம். நீங்க எல்லாரும் வரணும்."

ஸாவித்ரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"சரி. அன்னிக்குப் பந்தியில அவ தன் கையால ஒரு இலைச் சாப்பாடு சாப்பிடட்டும். யாரும் ஊட்டப்படாது. சாப்பிட்டுட்டான்னா உப்பிலியோட டி.சி.யை நானே வாங்கித் தரேன்."

"சாப்பிடலைன்னா?"

"இங்கேயே இருக்கட்டும். அப்பறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

சம்பத்குமார் "சரி" என்றான்.

அவன் போன பிறகு யதிராஜன் பேப்பரை மடித்தார். "குழந்தையை வச்சுப் பந்தயமா?"

"பந்தயம் இல்லை."

"பின்னே என்ன?"

ஸாவித்ரி உள்ளே போய்விட்டாள்.

வைகாசியில் அந்த நட்சத்திரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தைகள் முந்தின நாளே போய்விட்டார்கள். ஸாவித்ரியும் யதிராஜனும் அவருடைய அத்தையும் காலையில் பஸ் ஏறினார்கள். யதிராஜன் மடியில் பால்கோவாப் பெட்டி இருந்தது.

சம்பத்குமாரின் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தறியில் நெய்து வெளுத்த பேண்டேஜ் துணி காய்ந்தது. குனிந்துதான் போக வேண்டியிருந்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் குழாய். வாசலில் பெரிய கோலம். கோடுகள் வளைந்திருந்தன. உப்பிலி போட்டது என்று தெரிந்தது.

ஸாவித்ரி கால் கழுவிவிட்டு நேரே சமையலறை வாசலுக்குப் போனாள். மூவரும் குளித்த ஈரத்தலையோடு தரையில் இருந்தார்கள். ஒரு திரி ஸ்டவ்வில் சாதம். இன்னொன்றில் குழம்பு கொதித்தது. உப்பிலி ரசத்துக்கு, அவர்கள் பேச்சில் சாத்தமுதுக்கு, புளி கரைத்து ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா துணி இது?"

"காஸ் துணி பெரியம்மா. அப்பாவோட மில்லு ஆவுடையப்ப மாமா அவர் தம்பியோட பேண்டேஜ் கம்பெனியிலேர்ந்து வாங்கித் தந்தார்."

"புண்ணுக்குக் கட்டறதா?"

"புதுசு அக்கா. யாருக்கும் கட்டலை" என்றான் சம்பத்குமார். "ஒரு கோதுகூட இறங்காது."

அவன் வேகவைத்த பருப்பில் பாதியைக் குழம்பில் ஊற்றினான். மீதிப் பருப்பைத் தனியே மூடி வைத்தான். "பங்கு, இப்போ" என்றான்.

பங்கஜவல்லி எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். உப்பு ஜாடி தரையிலேயே அவள் பக்கத்தில் இருந்தது. கல் உப்பை ஒரு கை அள்ளினாள். சம்பத்குமார் அவள் இடுப்பைப் பிடித்துப் பாத்திரத்துக்கு மேல் தூக்கினான்.

"ஒண்ணு."

இறக்கினான். மறுபடி அள்ளினாள்.

"ரெண்டு. மூணு. நாலு."

"போதுமா?"

"சாலு" என்றாள் பங்கஜவல்லி.

"போதும்னு அர்த்தம்" என்று உப்பிலி ஸாவித்ரிக்குச் சொன்னான். "எதிர்வீட்டு மாமி தெலுங்கு. அவாகிட்ட கத்துண்டா."

ஸாவித்ரி அந்தக் கையைப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவு. அப்படி நாலு. பத்துப் பேர் குழம்புக்குப் பாதி உப்புகூட இல்லை.

சம்பத்குமார் குழந்தைகளைப் புதுத்துணி உடுத்திக்கொள்ள அழைத்துப் போனான். அவள் மட்டும் நின்றாள். ஸ்டவ்வைச் சின்னதாக்கினாள். முகத்தைக் காட்டி ஆவியை இழுத்தாள். மண்ணெண்ணெயும் பெருங்காயமும் வந்தன. உப்பு வரவில்லை. கேட்டிருக்கலாம். அவர்கள் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். பங்கஜவல்லி வளையல் போட மாட்டேன் என்று சொல்லும் குரல்கூடக் கேட்டது.

ஸாவித்ரி கேட்கவில்லை. ஜாடியில் கையை விட்டு ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாள். கலக்கினாள். கரண்டியை முன்பு இருந்தபடியே வைத்தாள். நாலு பேர் முன்னால் குழந்தை தலைகுனியக் கூடாது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்ததாக வெகு நாள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பெருமாள் படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வைத்துச் சம்பத்குமார் கண்ணை மூடினான். அதுவரை யார் நாக்கிலும் எதுவும் படவில்லை.

ஹாலில் இலை போட்டார்கள். யதிராஜனும் அத்தையும் ஒரு வரிசை. மில்லில் சம்பத்குமாரோடு வேலை பார்க்கும் ஆவுடையப்பனும் அவன் மனைவி அய்யம்மாளும் இரண்டு பிள்ளைகளும் எதிர் வரிசை. உப்பிலிக்குப் பக்கத்தில் பங்கஜவல்லி. இலை அவளைவிட அகலம். பட்டுப்பாவாடை முழங்காலுக்கு மேல் புடைத்து நின்றது. யார் மடியும் இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சம்பத்குமாரும் ஸாவித்ரியும் பரிமாறினார்கள். இலை ஓரத்தில் திருக்கண்ணமுதாக ஒரு கரண்டி பாயசம். பிறகு கறி, சாதம், பருப்பு, நெய். பங்கஜவல்லி பருப்பைத் தொடவில்லை. குழம்புக்காகக் காத்திருந்தாள். குழம்பு வந்தது. தானே பிசைந்தாள். தானே உருட்டினாள். வாயில் போட்டாள்.

மென்றாள். நிறுத்தினாள். கன்னம் புடைத்தது.

அந்தக் கன்னத்தை ஸாவித்ரிக்குத் தெரியும்.

"சாமி" என்றான் ஆவுடையப்பன் சம்பத்குமாரைப் பார்த்து. "தூத்துக்குடிக்கா போயிட்டு வந்திய? உப்பளத்தையே தூக்கிட்டு வந்துட்டியளே."

"ஏன், சும்மா திங்க மாட்டியளா?" என்றாள் அய்யம்மாள். "பிள்ளைக செஞ்சிருக்கு. கூடக்கொறச்சதான் இருக்கும்." சொல்லிவிட்டு அவளும் தம்ளரை எடுத்தாள்.

யதிராஜன் தண்ணீர் குடித்தார். அத்தை இலையைத் தள்ளி வைத்தாள்.

"அஞ்சு வயசுக் குழந்தையை உப்பு ஜாடிகிட்ட விடுவாளோ? ஸாவித்ரிகிட்ட இருந்தா இப்படி ஆகுமோ? பிள்ளைகளுக்கு வாய்க்கு ருசியா ஒரு வாய் போட வீட்டுல ஒரு பொம்மனாட்டி வேணும். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

பங்கஜவல்லி கையை இலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதுப் பாவாடையில் குழம்பு பட்டது. கன்னம் அப்படியே இருந்தது.

சம்பத்குமார் வாளியோடு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கோபிக்கவில்லை. "எத்தனை கை போட்டே பங்கு?"

அவள் நாலு விரலைக் காட்டினாள். மடக்கினாள். மறுபடி நாலு விரலைக் காட்டினாள்.

"எட்டுதான்பா" என்றான் உப்பிலி. குரல் உடைந்தது. "புளி கொதிக்கச்சே நாலு, பருப்பு விட்டதும் நாலு. நான் எண்ணினேன். அவளுக்கு நாலுக்கு மேல எண்ண வராதுன்னுதானே நீங்க ரெண்டு தடவையாப் போடச் சொன்னேள்? எட்டுக்கு மேல போடலைப்பா."

நெய்க் கிண்ணத்தோடு நின்ற ஸாவித்ரி பெருமாள் படத்தைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை.

அவள் பார்த்தது இரண்டாவது நாலு.

யாருக்கும் தெரியாது. கரண்டி அதன் இடத்தில் இருந்தது. குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சம்பத்குமார் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. சாயங்கால பஸ்ஸில் ஐந்து பேராகத் திரும்பலாம். ராத்திரி தட்டோடு உட்காரலாம். கிளி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

அத்தை சொன்னாள்: "எண்ணத் தெரியாத குழந்தைகிட்ட எண்ணிப் போடச் சொன்னா..."

"அவ சரியாத்தான் போட்டா" என்றாள் ஸாவித்ரி.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"மேலே ஒரு கை நான் போட்டேன். அவா துணி மாத்திக்கப் போயிருந்தா. போதாதுன்னு நெனச்சேன். யாரையும் கேக்கலை."

 யதிராஜன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்கஜவல்லி வாயிலிருந்ததை முழுங்கினாள். முழுங்கியது கழுத்தில் தெரிந்தது.

"நீ எதுக்குப் போட்டே?"

"தெரியாமப் போட்டுட்டேன்."

"அது என் வேலை."

"ஆமா."

"என்னைக் கேக்கணும்."

"கேக்கணும். கேக்காதது தப்பு."

ஆவுடையப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "நம்ம ஃபோர்மேன் கெட்டான். இப்படி ஒரு ஆளு மில்லுல இருந்தா ஒரு நட்டு மாறி விழாது."

பங்கஜவல்லி எழுந்தாள்.

"பந்தியில நடுவுல எழுந்திருக்கப்படாது" என்றாள் அத்தை.

"பெருமாளே உப்போட சாப்பிட்டுட்டார். குழந்தை எழுந்தா கோச்சுக்க மாட்டார்" என்றார் யதிராஜன். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

"பருப்பு ஜலம்" என்றாள் பங்கஜவல்லி. உப்பிலி அதற்குள் சமையலறையில் இருந்தான். மூடி வைத்த பருப்பை எடுத்தான். சம்பத்குமார் வெந்நீர் விட்டுக் கரைத்துக் குழம்பில் ஊற்றி மறுபடி ஸ்டவ்வில் ஏற்றினான். எப்படி, எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறிலேயே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஸாவித்ரி வாசற்படியில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

பங்கஜவல்லி திரும்பிப் பார்த்தாள். கரண்டியை நீட்டினாள்.

"கலக்கறது உன் வேலை."

ஸாவித்ரி உட்கார்ந்து கலக்கினாள். குழம்பு நுரைத்து ஏறியது. பழக்கத்தில் முகத்தை ஆவியில் நீட்டினாள்.

"மோந்து பார்க்க வேண்டாம்" என்றான் சம்பத்குமார். "பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியாச்சே அக்கா. இப்போ ருசி பார்க்கலாம்."

உண்மைதான். அவளுக்குத் தோன்றவில்லை. பங்கஜவல்லி உள்ளங்கையை நீட்டினாள். ஸாவித்ரி ஊதி ஊதி ஒரு சொட்டு விட்டாள். குழந்தை நக்கினாள். யோசித்தாள்.

"சாலு."

ஸாவித்ரியும் தன் கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள். இருபது வருடத்தில் அடுப்பில் இருக்கிற பாத்திரத்திலிருந்து அவள் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீர்த்திருந்தது. உப்பு சரியாக இருந்தது.

பந்தி மறுபடி தொடங்கியது. ஆவுடையப்பனின் பிள்ளைகள் மூன்று தடவை வாங்கிக்கொண்டார்கள். அத்தையும் இலையைப் பழையபடி இழுத்துக்கொண்டாள். பங்கஜவல்லி குழம்புச் சாதம் சாப்பிட்டாள். சாத்தமுதுச் சாதத்துக்குப் பாத்தி கட்டி, பாத்தி உடைய உடையச் சாப்பிட்டாள். மோர்ச் சாதத்தில் பாதி முழங்கை வழியே ஓடியது. துடைக்கப் போன ஸாவித்ரி கையை இழுத்துக்கொண்டாள். இலையில் கறிவேப்பிலை மட்டும் மிஞ்சியது. இலையை அவளே மூடினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது ஸாவித்ரி சம்பத்குமாரிடம் சொன்னாள்: "ஒண்ணாந்தேதி ஸ்கூல் திறக்கறது. போய் டி.சி. கேக்கறேன். அவா துணியெல்லாம் அவர் கொண்டுவந்து குடுப்பார்."

"அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"பஸ்ஸுக்கு நாழியாச்சு மாப்பிள்ளை."

உப்பிலி தெருமுனைவரை வந்தான். பங்கஜவல்லி வாசலில் நின்றாள். "சனிக்கிழமை நாங்க அங்க வருவோம்" என்று கத்தினாள். "நீ தனியாப் பண்ணிடாதே!"

பஸ்ஸில் அத்தை தூங்கிவிட்டாள். யதிராஜன் ஜன்னலோரத்தை மனைவிக்குக் கொடுத்தார். பால்கோவாப் பெட்டியின் காலி அட்டையை அவள் மடியில் வைத்திருந்தாள். தூக்கிப் போட மறந்துவிட்டாள்.

"அழறியா?" என்றார்.

"கொஞ்சம்."

அவர் அட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஸாவித்ரி வழக்கம்போல் குளித்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். முக்காலியைப் போட்டு ஏறினாள். மேல் அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினாள். வெளியே துடைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்துப் பார்த்தாள். அடுப்புக்கு அவ்வளவு கிட்டே வேண்டாம் என்று தோன்றியது. ஒரு சாண் தள்ளி வைத்தாள். அரிசியையும் களையாமல் மூடி வைத்தாள்.

பிறகு பஸ் சத்தம் கேட்கிறதா என்று வாசலுக்குப் போனாள்.